அணைத்துப் போடும் சகாயம்

“சிஸ்டர், ரேடியோ கம்ப்யூட்டர் திரும்பவும் ஹேங் ஆயிப்போச்சு” என்றார் சகாயம்.

சிஸ்டர் பெனிற்றா ஒன்றும் சொல்லவில்லை.

“நேத்தும் ஆச்சு. காலையிலயும் ஆச்சு. இப்பவும் ஆயிருக்கு. நான் என்னத்தச் செய்ய?”

சிஸ்டர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“சிஸ்டர், நான் பேசுதது கேக்கா?”

கேட்டது. கன்னியர் மடத்துச் சமையலறைக் கதவில் தொங்கிய அட்டையைச் சிஸ்டர் கண்ணால் காட்டினார்.

ஆண்டுத் தியானம் நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.

சகாயம் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னைக்கா வாயை மூடணும்?” என்று முருங்கை மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

சேந்தன்கரையில் கம்ப்யூட்டர் சந்தேகம் என்றால் சிஸ்டர் பெனிற்றாவிடம்தான் போக வேண்டும். மடத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் எடுப்பவர் அவர். சகாயத்தின் மூத்த மகளைவிட இளையவர். ஆனாலும் சகாயத்துக்கு அவர்தான் குரு.

சகாயம் முன்பு மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவர். ஊருக்கு ரேடியோ நிலையம் வந்தபோது, “ஒயர் தெரிஞ்ச ஆளு இவருதான்” என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

மைக் செட்டில் எந்தக் கோளாறு வந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். ஆம்ப்ளிஃபயர் உறுமினால் அணைத்துப் போடுவார். மைக் கீச்சிட்டால் அணைத்துப் போடுவார். மணமேடையில் நாதஸ்வரம் பாதியில் நின்றுபோனாலும் அணைத்துப் போடுவார். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊரில் அவருக்கு அதுவே பெயர். அணைத்துப் போடும் சகாயம்.

“சிஸ்டர், ஒரே ஒரு வார்த்தை” என்றார் இப்போது. “மாதா கோவிச்சுக்க மாட்டா.”

சிஸ்டர் கீரைக் காம்பைக் கீழே வைத்தார். சகாயத்தை நேராகப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

ஒன்று.

பிறகு கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“அப்படின்னா என்ன?” என்று சகாயம் சுற்றும் முற்றும் பார்த்தார்.

மடத்தில் பெருக்கித் துடைக்கிற வியாகுலம் அக்கா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். தியானம் சிஸ்டர்மாருக்குத்தான். வியாகுலம் அக்காவுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. அவர்கள் பேசாத பேச்சையும் சேர்த்து அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

“இது தெரியலையாக்கும்? இன்னொரு தடவை செஞ்சு பாருன்னு சொல்லுதாங்க, தம்பி.”

“நெசமாவா?”

“பின்ன? ஒத்த விரலுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு?”

சகாயம் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.



ரேடியோ நிலையம் ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு அறை. ஒரு அறையில் மைக். இன்னொன்றில் அந்தக் கம்ப்யூட்டர்.

பாட்டானாலும் பேச்சானாலும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் போக வேண்டும். வேறு வழியில் ஒயரை இழுக்கக் கூடாதென்று, பொருத்தியவர்கள் சீல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“சிஸ்டர் என்ன சொன்னாங்க?” என்று ஓடி வந்தாள் லில்லி. கடல் செய்தி வாசிக்கிறவள்.

“ஒன்னு சொன்னாங்க.”

“என்ன ஒன்னு?”

“அதான், ஒன்னு.”

லில்லி வந்த கோபத்தில் கையிலிருந்த தாளைக் கசக்கினாள். பிறகு ஞாபகம் வந்து அதை நீவி விட்டாள். அது வானிலை அலுவலகத்திலிருந்து காலையில் வந்த தாள்.

இருட்டிய பிறகு பலத்த காற்று. யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.

சேந்தன்கரையில் சாயங்காலம் வள்ளம் இறக்குவார்கள். அதற்கு முன்னால் ஐந்து மணிக்கு ரேடியோவைப் போடுவார்கள். பாட்டு ஓடினால் போகலாம். பாட்டை நிறுத்திவிட்டு லில்லி பேசினால் நிற்க வேண்டும். செல்போனில் வருகிற எதையும் அவர்கள் நம்புவதில்லை. அதில் தினமும் ஏதாவது ஒரு புயல் வந்துகொண்டே இருக்கும். லில்லி சொன்னால் கடலே சொன்ன மாதிரி.

சரி, ரேடியோவில் ஒன்றுமே வராவிட்டால்?

கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று வள்ளத்தை இறக்கிவிடுவார்கள். சகாயத்தின் சொந்தத் தம்பி மிக்கேல்தான் முதல் வள்ளம் இறக்குவான்.

“அஞ்சு மணிக்குள்ள வந்துரும்லாண்ணே?” என்றாள் லில்லி.

“வரும், வரும்.”

சகாயம் ஸ்விட்ச்சை அழுத்தி அணைத்தார். போட்டார்.

திரையில் எழுத்துகள் ஓடின. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அந்த வரி சகாயத்துக்கு மனப்பாடம். போன தடவை என்னை ஒழுங்காக மூடவில்லை. அதனால் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும். அதை நான் திரைக்குப் பின்னால் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அர்த்தம்.

சகாயத்துக்கு அந்த வரி பிடிக்கும். மரியாதை தெரிந்த இயந்திரம் என்று நினைத்துக்கொள்வார்.

பாட்டு தொடங்கியது. மாதா பாட்டு. லில்லி சிலுவை போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டது. பின்னால் சோதனை தொடங்கிவிட்டது. முன்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“மா… மா… மா… மா…”

பாட்டு ‘மா’ என்ற எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. ‘தா’ வரவே இல்லை. மவுஸ் அசையவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பதில் இல்லை.

ஐஸ் கம்பெனியிலிருந்து ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

“ஆடு உள்ள புகுந்துட்டோன்னு நெனச்சேன்” என்றான்.

“போவே அங்கிட்டு!” என்று கத்தினார் சகாயம்.

ஸ்விட்ச்சை அழுத்தி அணைத்தார். இந்த ஒரு வாரத்தில் எத்தனையாவது தடவை என்பது அவருக்கே தெரியாது. முதலில் ஒரு நாள் கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டு, கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அணைத்தது சகாயம்தான்.



“ஒரு தடவை செஞ்சு பாத்தாச்சு, சிஸ்டர்.”

சிஸ்டர் பெனிற்றா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

“என்ன இல்ல?”

மறுபடியும் ஒரு விரல். சோப்பு நுரையோடு.

“அதைத்தான செஞ்சேன்!”

சிஸ்டர் அதே விரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார், உயரம் போதாமல்தான் இவருக்குப் புரியவில்லை என்பது போல.

“எழுதியாவது காட்டுங்க!”

சிஸ்டர் தன் ஈரக் கைகளைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். எழுதுவதும் பேச்சுதான். பாத்திரத்துக்குத் திரும்பினார்.

சகாயம் வியாகுலம் அக்காவிடம் போனார். “அக்கா, இன்னொரு தடவை இல்லையாம்.”

வியாகுலம் அக்கா யோசித்தாள். “அந்தப் பொட்டியில நம்பர் கிம்பர் ஏதும் இருக்கா?”

சகாயம் துள்ளிக் குதித்தார். இருந்தது! கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது முதலில் ஒரு சின்னப் பட்டியல் வரும். யாரும் எதையும் தொடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவே போய்விடும். அதில் எண்கள் இருந்தன.

“ஒன்னாம் நம்பர்!” என்றார்.

“அதான் சொல்லுதாங்க. பாவம், வாயைத் திறக்க முடியாம எவ்வளவு கஷ்டப்படுதாங்க பாருங்க.”

சகாயம் போனார். அணைத்துப் போட்டார். பட்டியல் வந்தது. ஒன்று: வழக்கம் போல. இரண்டு: தனி ஆள். அதற்குக் கீழேயும் ஏதேதோ இருந்தன. அவர் ஒன்றை அழுத்தினார். நன்றாக, ஆணி அடிக்கிற மாதிரி அழுத்தினார்.

வழக்கம் போல எழுந்தது. வழக்கம் போல மரியாதையான வரி வந்தது. வழக்கம் போல மாதா பாட்டு தொடங்கியது.

“மா… மா… மா…”

லில்லி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணே, எங்க வீட்டுல எல்லாரும் கடலுக்குப் போற ஆளுங்க.”

“என் தம்பியும்தாம்மா போறான்.”

“அப்ப ஏதாவது செய்யுங்க!”

செய்தார். ஸ்விட்ச்சை அழுத்தி அணைத்தார்.



மூன்றாம் முறை போனபோது சகாயம் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலிலும் ஒன்று தோட்டத்திலும் விழுந்தது.

வழியெல்லாம் மணல். காலெல்லாம் மணல். அப்படியே மடத்து வராந்தாவில் ஏறிவிட்டார்.

“சிஸ்டர்! ஒரு தடவையும் இல்ல, ஒன்னாம் நம்பரும் இல்ல. என்னதான் அந்த ஒன்னு?”

“ஏய், ஏய், தம்பி!” வியாகுலம் அக்கா அலறினாள். “இப்பத்தான துடைச்சேன்!”

நீளமான வராந்தா. சிவப்புத் தரை. ஈரத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. அதன் நடுவே சகாயத்தின் காலடிகள் மணல் மணலாகப் பதிந்திருந்தன.

“ஐயோ” என்று ஓரமாக நகர்ந்தார். ஓரத்திலும் பதிந்தது.

“அங்க மிதிக்காதீங்க!”

இந்தப் பக்கம் வந்தார். இந்தப் பக்கமும் பதிந்தது.

சத்தம் கேட்டு சிஸ்டர் பெனிற்றா வெளியே வந்தார். தரையைப் பார்த்தார். வியாகுலம் அக்காவின் கையிலிருந்து துடைப்பானை வாங்கினார்.

“சிஸ்டர், அஞ்சு மணிக்குக் கடல் செய்தி” என்றார் சகாயம்.

சிஸ்டர் அவர் காலடியைத் துடைத்தார்.

“இன்னைக்குக் காத்து அடிக்கப்போகுது” என்று சொல்லியபடி சகாயம் பின்னாலேயே வந்தார்.

சிஸ்டர் திரும்பிப் பார்த்து, புதிய காலடியைத் துடைத்தார்.

“சோதனையைத்தான் அதுவே பின்னால பாத்துக்கிடுதே. அப்புறம் ஏன் நிக்குது?” சகாயம் கையை ஆட்டிக்கொண்டே இந்தக் கோடிக்கு நடந்தார்.

சிஸ்டரும் இந்தக் கோடிக்கு வந்து துடைத்தார்.

“அது பாட்டுக்குச் சோதிக்கட்டும், நாம பாட்டுக்கு நம்ம வேலையைப் பாப்போம்னுதான நான் விட்டேன்?” அந்தக் கோடிக்கு நடந்தார்.

சிஸ்டர் அந்தக் கோடிக்கு வந்தார். துடைப்பானை வாளியில் முக்கினார். தண்ணீர் கலங்கி, கடற்கரை நிறத்துக்கு வந்திருந்தது.

“தம்பி, கொஞ்சம் ஒரு இடத்துல நில்லுங்களேன்!” என்று வியாகுலம் அக்கா அவரைப் பிடிக்க ஓடினாள். கிணற்றடிச் சேறு அவள் காலில் இருந்தது. இப்போது தரையில் இரண்டு பேருடைய காலடியும் இருந்தது.

சிஸ்டர் நின்றார்.

தியானத்தில் இருக்கிறவர்கள் பெருமூச்சு விடலாமா என்பது தெரியவில்லை. சிஸ்டர் பெனிற்றா விட்டார். வராந்தா முழுக்கக் கேட்டது.

பிறகு துடைப்பானைச் சுவரில் சாய்த்தார். சகாயத்தைப் பார்த்து வாசலைக் காட்டினார். சகாயம் இறங்கினார்.

வியாகுலம் அக்காவைப் பார்த்து வாசலைக் காட்டினார்.

“நானுமா?”

சிஸ்டர் கையை இறக்கவில்லை. வியாகுலம் அக்காவும் இறங்கினாள்.

கம்பிக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

“துடைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவ நானு” என்றாள் வியாகுலம் அக்கா படியில் உட்கார்ந்தபடி. “என்னையே வெளிய தள்ளிட்டாங்க. எல்லாம் உங்களால.”

“என் கஷ்டம் உங்களுக்குத் தெரியாதுக்கா.”

“உங்க காலு தெரியுது. அது போதும்.”

சகாயம் எரிச்சலில் கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தார். தூரக் கோடியில் தொடங்கினார். அவசரப்படவில்லை. ஒரு பட்டை துடைப்பார்; பின்னால் ஓர் அடி வைப்பார்; அடுத்த பட்டை துடைப்பார். அவர் கால் வைத்த இடத்தையும் அவரே கடைசியில் துடைத்தார். யாரும் குறுக்கே வரவில்லை.

உள்ளேயிருந்த ஒரு வயதான சிஸ்டர் கதவைத் திறந்து வராந்தாவுக்கு வரப் பார்த்தார். சிஸ்டர் பெனிற்றா திரும்பாமலே கையைக் காட்டினார். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

மறுபடி அந்தத் தரை கண்ணாடி ஆனது. இம்முறை அதில் ஒரு காலடியும் இல்லை.

சிஸ்டர் கம்பிக் கதவின் அருகே வந்து நின்றார். ஒரு விரலை உயர்த்தினார். பிறகு அந்த விரலை மெல்லத் திருப்பித் தன் நெஞ்சில் வைத்தார்.

சகாயத்தின் வாய் பாதி திறந்தது.

“அக்கா” என்றார்.

“என்ன?”

“ஒன்னாம் நம்பர் இல்லக்கா. ரெண்டாம் நம்பர்.”

“ஒத்த விரலைக் காட்டினா ரெண்டாம் நம்பரா?” வியாகுலம் அக்கா எழுந்தே விட்டாள். “குருவுக்கும் சிஷ்யனுக்கும் கணக்கே தெரியாதா?”

சகாயம் அதற்குள் மொபெட்டில் இருந்தார். ஒரு செருப்பு தோட்டத்திலேயே கிடந்தது.



“வெளிய போம்மா” என்றார் சகாயம்.

“யாரு?”

“நீதான்.”

“நான் எதுக்குப் போகணும்? பாட்டைத் தயார் பண்ணணும், அஞ்சு மணிக்கு…”

“பாட்டும் கிடையாது. ஒன்னும் கிடையாது. எல்லாரும் வெளிய.”

லில்லி வெளியே போய், இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். மைக்கின் ஒயர், பாட்டுப் பெட்டியின் ஒயர், இன்டர்நெட் ஒயர் என்று ஒவ்வொன்றாகச் சகாயம் உருவிப் போட்டார்.

அணைத்துப் போட்டார். பட்டியல் வந்தது. இரண்டை அழுத்தினார்.

தனி ஆள்.

இதைச் சிஸ்டர் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்து இயந்திரத்தில், கை பழகும்வரை அடிக்க வைத்திருந்தார். “இது எதுக்கு சிஸ்டர்?” என்று சகாயம் அப்போது கேட்டார். “நீங்களும் டிஸ்க்கும் மட்டும் இருக்கதுக்கு” என்று சிஸ்டர் சொன்னார். “ரேடியோன்னா நாலு பேரு இருக்கணும் சிஸ்டர், நமக்கு அது ஆகாது” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தவர் அவர்தான்.

இப்போது திரை கறுப்பாக இருந்தது. படமில்லை. பாட்டில்லை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. மரியாதையான அந்த வரி வரவில்லை.

சோதனைக்கான கட்டளையை அடித்தார். பின்னால் அல்ல, முன்னால். முழுசாக.

டிஸ்க் கரகரத்தது. வரிகள் வரத் தொடங்கின. இந்த இடத்தில் ஒரு கோப்பு பாதியில் நிற்கிறது, சரிசெய்யட்டுமா? செய் என்றார். இந்த இடத்தை இரண்டு கோப்புகள் தமதென்று சொல்கின்றன, சரிசெய்யட்டுமா? செய். இது யாருடையது என்றே தெரியவில்லை. செய், செய்.

சகாயத்துக்கு வியர்த்தது. ஒவ்வொரு வரியும் அவர் அழுத்திய ஒரு ஸ்விட்ச் போலத் தெரிந்தது.

“அண்ணே!” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து லில்லி கத்தினாள். “எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியாது.”

“அஞ்சு மணிக்குள்ள முடியுமா?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா எப்படி?”

அப்போது வரிகள் நின்றன.

ஒரு வரி பாதித் திரையில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த வரி வரவில்லை. டிஸ்க்கின் சத்தமும் குறைந்துவிட்டது. சகாயம் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் காத்திருந்தார். வரவில்லை.

“ஹேங் ஆயிட்டு!” என்று லில்லி கண்ணாடியைத் தட்டினாள். “அண்ணே, அணைச்சுப் போடுங்க!”

சகாயத்தின் விரல் ஸ்விட்ச்சின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனதென்று அவருக்கே தெரியாது. ஒத்தை விரல்.

ஹேங் ஆகிவிட்டதா, யோசிக்கிறதா? திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒருவேளை நின்றே போயிருக்கலாம். ஒருவேளை பெரிய சேதம் இருக்கிற இடத்தில் இப்போதுதான் துடைப்பானை வைத்திருக்கலாம். அணைத்துப் போட்டால், மா மா என்றாவது ஒரு சத்தம் வரும். இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று விரலுக்குத் தோன்றியது.

விரலை எடுத்தார். அது திரும்பிப் போகப் பார்த்தது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார். பிறகு, இந்த ஆளை இங்கே விட்டால் ஆபத்து என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

எழுந்து வெளியே வந்தார். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். சாவியை வேட்டி முடிச்சில் செருகினார்.

“உங்களையே வெளிய பூட்டிக்கிட்டா எப்படிண்ணே?” என்றாள் லில்லி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அஞ்சு மணிக்கு நான் எங்க போய்ப் பேச?”

“குருசடிக்கு.”

“குருசடியில என்ன இருக்கு?”

“இனிமேதான் இருக்கும். ஏறு, பின்னால.”



கடற்கரையில் சிலுவை நிற்கிற அந்தச் சின்னக் குருசடியின் மேல் சகாயம் ஏறிப் பல நாளாகியிருந்தது. பழைய குழாய் ஸ்பீக்கர் இரண்டை, ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்க்க, கயிறு போட்டுக் கட்டினார். கீழே பேட்டரியும் ஆம்ப்ளிஃபயரும். வீட்டுப் பரணில் கிடந்ததில் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு பல்லி குடித்தனம் வைத்திருந்தது. அதை முதலில் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

வள்ளங்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன ஓய், யாருக்குக் கல்யாணம்?”

“ரேடியோக்காரருக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்துட்டு!”

மிக்கேலின் வள்ளத்தில் பாதி தண்ணீரைத் தொட்டுவிட்டது. ஐந்து மணிக்கு அவன் ரேடியோவைப் போட்டான். ஒன்றும் வரவில்லை. கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தோள் கொடுத்தான்.

லில்லி மைக்கைப் பிடித்தாள்.

ஆம்ப்ளிஃபயர் உறுமியது. காண்டாமிருகம் மாதிரி உறுமியது. லில்லியின் குரல் அதற்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

லில்லி கலங்கிப்போய்ச் சகாயத்தைப் பார்த்தாள்.

சகாயம் அணைத்தார். போட்டார்.

உறுமல் நின்றது.

“இதுக்கு இது சரி” என்றார்.

லில்லி பேசினாள். சாதாரணமாக ரேடியோவில் பேசுகிற மாதிரியேதான் பேசினாள். நேயர்களுக்கு வணக்கம் என்றாள். இருட்டிய பிறகு பலத்த காற்று என்றாள். யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்றாள். அதைச் சொன்ன இடத்தில் குரல் ஒரு தடவை உடைந்தது. ரேடியோவில் அப்படி உடைந்ததே இல்லை. திரும்பவும் அதையே சொன்னாள்.

தள்ளிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

பிறகு யாரோ ஏலேலோ என்று குரல் கொடுத்தார்கள். வள்ளங்கள் பின்னால் வரத் தொடங்கின. முதலில் இறங்கிய மிக்கேலின் வள்ளம்தான் கடைசியாகக் கரையேறியது.

அதைத் தென்னை மரத்தில் கட்டிவிட்டு மிக்கேல் குருசடிக்கு வந்தான். தலையெல்லாம் உப்புத் தண்ணீர். வானத்தைப் பார்த்தான். தெற்கே ஒரு கறுப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்த்தான். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

“என்னண்ணே, குழாய் கட்டிக் கத்துற அளவுக்கு ஆயிட்டு? ரேடியோ செத்துப்போச்சா?”

சகாயம் வேட்டி முடிச்சில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சாகல. தியானத்துல இருக்கு.”